பொன்னியின் செல்வனும் பொருநைக்கரை வாசகரும்

தமிழில் அச்சேறிய புதினங்களுள், எழுபது ஆண்டுகள் கடந்தும் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுவதும், படித்தவர்களை அதே வேகத்தில் இரு கட்சியாகப் பிரித்துவிடுவதும் ஆகிய இரு தன்மைகளையும் ஒருங்கே கொண்டது கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியின் 'பொன்னியின் செல்வன்'. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' வார இதழில், மணியம் வரைந்த ஓவியங்களோடு தொடர்கதையாக வெளிவந்து, புதுவெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகசிகரம் என்னும் ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற இந்தப் புதினத்தைத் தமிழின் தலைசிறந்த வரலாற்றுப் புதினம் என்று போற்றுவோர் ஒருபுறமும், அது வரலாறும் அன்று, இலக்கியமும் அன்று என்று ஒதுக்குவோர் மறுபுறமும் நிற்கின்றனர். இந்த இரு கட்சிகளின் வாதங்கள் பலமுறை பேசப்பட்டவை. ஆனால் இக்கதையில் தோற்ற பக்கமாக வருகிற பாண்டிய நாட்டின் தென்கோடியில், பொருநை என்னும் பழம்பெயர் கொண்ட தாமிரபரணியின் கரையில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் வாசகரின் நிலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்த மூன்றாவது நிலையிலிருந்து பார்க்கும்போது மற்ற இரண்டு கட்சிகளின் வழக்கும் வேறு விதமாகத் தெரிகிறது என்பதே இச்சொற்பொழிவின் கருத்து.

முதலில் இந்த இலக்கிய வகையின் இயல்பைத் தெரிந்துகொள்வது நல்லது. வரலாற்றில் பெயர் தெரிந்த அரசர்களைப் பின்னணியில் நிறுத்தி, காதல், சதி, மாறுவேடம், சிறைப்படுதல், தப்பித்தல் ஆகியவற்றால் கதையை நடத்திச் செல்லும் வீரசாகசப் புதினம் ஐரோப்பாவில் வால்டர் ஸ்காட் 1814-இல் வெளியிட்ட 'வேவர்லி'யோடு வலுப்பெற்று, 1844-இல் அலெக்சாந்தர் தூமா செய்தித்தாளில் தொடர்கதையாக எழுதிய 'மூன்று துப்பாக்கி வீரர்க'ளில் வெகுமக்களின் வாசிப்பாக மாறிற்று. ஊர்ப்புறத்திலிருந்து குதிரையேறித் தலைநகர் நோக்கி வரும் இளைஞன், துடுக்கான பேச்சு, வழியில் தேடிவரும் சண்டை, அரண்மனை இரகசியம் ஒன்று கையில் வந்து சேருதல் என்று தூமா வகுத்த வழி கதைநாயகன் வந்தியத்தேவனின் பயணத்திலும் தெரிகிறது. ஆனால் வழி ஒன்றாக இருப்பதனால் ஊரும் ஒன்றாகிவிடுவதில்லை. ஹங்கேரியத் திறனாய்வாளர் கியோர்கி லூக்காச் ஸ்காட்டைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இங்கே பெரிதும் உதவும். வரலாற்றுப் புதினத்தின் நாயகன் மாமன்னனாக இருக்கக்கூடாது, பகைத்து நிற்கும் இரு முகாம்களுக்கும் போய்வரக்கூடிய நடுத்தர மனிதனாக இருந்தால்தான் இரு முகாம்களின் மனித முகமும் வாசகருக்குத் தெரியும் என்பது அவருடைய கணிப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்றில் சோழ இளவரசி குந்தவையின் கணவராகப் பெயர் மட்டும் காணப்படும் வல்லவரையர் வந்தியத்தேவரை, காஞ்சியிலிருந்து ஓலை சுமந்து வரும் தூதனாக்கிச் சிற்றரசர் பழுவேட்டரையரின் மாளிகைக்கும் பழையாறைக்கும் ஈழத்துக்கும் அனுப்பிய கல்கி செய்தது அதுவே. நூலின் தலைப்பு பின்னாளில் இராசராசன் ஆன அருள்மொழியைக் குறித்தாலும் கதையின் கண் வந்தியத்தேவனுடையது.

இனி, இது இலக்கியமன்று என்போர் சொல்லும் குறை. கல்கியின் எழுத்துமீது தொடுக்கப்பட்ட கடுந்தாக்குதல்களுள் ஒன்று நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து வந்தது. நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்ற புதுமைப்பித்தன், தழுவல் எழுத்து, இலக்கியத்தின் நோக்கம் ஆகியவை குறித்து 1940-களில் கல்கியோடு நேருக்கு நேர் மோதியவர். அவர் 1948-இல் மறைந்துவிட்டதால் 'பொன்னியின் செல்வ'னைப் படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் 'மணிக்கொடி' இதழின் மரபில் வந்தவர்கள் பின்னாளில் இப்புதினத்தை எடைபோட்ட தராசு பெரும்பாலும் அவருடையதே. வாழ்க்கையின் இருளையும் மனத்தின் கோணலையும் தொடாத எழுத்து, அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற ஆவலை மட்டும் மூட்டும் எழுத்து, இலக்கியமாகாது என்பது அந்த வாதத்தின் சாரம். காவிரிக்கரை வலங்கைமானில் பிறந்த க.நா. சுப்ரமண்யமும் இதே பக்கம் நின்றவர் என்பதால், இதை ஊர்ப்பற்றின் வழக்காகக் கருத இடமில்லை.

மறுபக்கத்தில் நின்றவரும் இந்தச் சீமைக்காரரே. 'ரசிகமணி' டி.கே. சிதம்பரநாத முதலியார் நெல்லை வண்ணார்பேட்டையிலும் பின்னர்க் குற்றாலத்திலும் நடத்திய 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கியக் கூடலின் நெருங்கிய நண்பர் கல்கி. கவிதையைப் பொருள் பிரித்து ஆராய்வதைவிட உரக்கப் படித்து உணர்ச்சியில் தோய்வதே வாசிப்பு என்று டி.கே.சி. வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தினார். கல்கியின் உரைநடை வாய்விட்டுப் படிக்கத் தகுந்ததாக அமைந்ததற்கும், ஒருவர் படிக்க வீட்டார் அனைவரும் சுற்றி அமர்ந்து கேட்கும் வழக்கம் தொடர்கதைக் காலத்தில் பரவியதற்கும் இந்த ரசனை மரபோடு உறவுண்டு. தொடர் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1954 தொடக்கத்தில் டி.கே.சி. காலமானார், அதே ஆண்டு டிசம்பரில் கல்கியும் மறைந்தார்.

இவ்விருவருக்கும் முன்னதாக, ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகிலுள்ள பெருங்குளத்தில் 1872-இல் பிறந்த அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' என்னும் சமூகப் புதினத்தை 1898-இல் வெளியிட்டதோடு, பாளையங்கோட்டையில் கிறித்தவத் திருச்சபை வேரூன்றக் காரணமான குளோரிந்தாவின் வாழ்வை 1915-இல் ஆங்கிலத்தில் வரலாற்றுப் புதினமாகவும் எழுதினார் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். உடன்கட்டையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பிராமண விதவை தன் காலத்துச் சாதியோடும் சமயத்தோடும் போராடியதை அவர் கதைப்பொருளாக எடுத்தார். அரசகுலத்துப் பெருமையைத் தொடாமலே வரலாற்றுப் புதினம் எழுதமுடியும் என்பதற்கு அது சான்று. கல்கிக்கு எதிரான இலக்கிய வாதத்தின் வலுவான பகுதி இங்கேதான் இருக்கிறது. அவருடைய சோழ நாட்டில் உழுபவரும் வரி கட்டுபவரும் அணை காப்பவரும் ஓரத்தில் வந்து போகிறார்களேயன்றி அவர்களுடைய வாழ்வு கதையைத் தொடுவதில்லை. ஆடிப்பெருக்கில் கொண்டாட்டமாகத் தொடங்கும் கதையில், வீராணத்து ஏரியின் நீர் எந்த வயலுக்கு எந்த முறையில் பாய்ந்தது என்ற கேள்விக்கு இடமில்லை.

அதே வேளையில், தொடர்கதை என்பதாலேயே இது தாழ்ந்தது என்னும் தீர்ப்பை ஏற்பதற்கில்லை. வாரந்தோறும், மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், நூற்றுக்கணக்கான இழைகளைக் கைவிடாமல் பின்னிச் செல்வது சாதாரணத் திறன் அன்று. தொடர் முடிந்தபோது வாசகரிடையே எழுந்த மாறுபட்ட கருத்துகளுக்குக் கல்கியே முடிவுரை எழுதி விடை சொல்ல வேண்டியிருந்தது. சட்டென்று முடிந்துவிட்டது, இன்னாருக்கு என்ன ஆயிற்று, இன்னாரை மணந்தாரா என்ற கேள்விகளுக்கு அவர் அதில் வரிசையாக விடை தந்ததோடு, முழுக் கற்பனைக் கதையில் எல்லாப் பாத்திரங்களின் முடிவையும் ஆசிரியன் சொல்லிவிடலாம், வரலாற்றுக் கதை ஏதோவோர் இடத்தில் நின்றாக வேண்டும் என்பதையும் விளக்கினார். வாசகர் மனம் அதோடு அடங்கவில்லை; விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று கதையைத் தொடர்ந்து எழுதினார்; பாலகுமாரன் 'உடையா'ரில் அதே மனிதர்களை வேறு கோணத்தில் மீண்டும் எழுதினார். இவையும் ஒருவகையில் வாசகர் எதிர்வினைகளே.

இது வரலாறன்று என்போரின் வழக்கு இன்னும் சுவையானது. கதையின் மைய நிகழ்வு, சுந்தர சோழனின் மூத்த மகனும் இராசராசனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலனின் கொலை. இது பற்றிய அடிப்படைச் சான்று, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்ற பட்டம் பெற்ற பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறித்து, அவர்களுடைய உறவினரின் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டதைச் சொல்கிறது. கொன்றவர்கள் யார் என்று கல் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், பின்னால் நின்றவர் யார் என்பதைச் சொல்லவில்லை.

இந்த வெற்றிடத்தில்தான் தாமிரபரணிக் கரை மீண்டும் நுழைகிறது. கல்லிடைக்குறிச்சியில் 1892-இல் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரியில் வரலாறு கற்பித்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, 1935-இல் ஆங்கிலத்தில் வெளிவரத் தொடங்கிய தம் சோழர் வரலாற்றில், கொலையின் பின்னணியில், சுந்தர சோழனுக்குப் பின் அரசாண்ட உத்தம சோழனின் கை இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். சிற்றப்பனான உத்தமன் அரசாள விரும்பியதால் அருள்மொழி விட்டுக்கொடுத்தார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள், அதாவது அரசாணையைச் செம்புத் தகட்டில் பொறித்த ஆவணங்கள், குறிப்பதையும், உத்தமனின் ஆட்சிக்காலம் முழுதும் கடந்த பின்னரே தண்டனை பற்றிய செய்தி கல்லில் வருவதையும் அவர் இணைத்துப் பார்த்தார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் தம் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் இதை மறுத்தார். அண்ணனைக் கொல்வித்தவன் உத்தமன் என்றால், அவன் மகனாகிய மதுராந்தகன் கண்டராதித்தனுக்கு இராசராசன் தன் அரசில் உயர்ந்த பொறுப்பு அளித்திருப்பானா என்று வினவுவதும், 2-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொத்து விவகாரத்தின் பிற்பகுதியை மட்டுமே பதிவு செய்கிறது என்று படிப்பதும் அவருக்கு ஆதரவான வாதங்கள்.

இந்த இரு வரலாற்றறிஞர்களுக்கும் நடுவே கல்கி செய்த தந்திரம் வியப்புக்கும் வருத்தத்துக்கும் ஒருசேர உரியது. உத்தம சோழனை அவர் இரண்டு ஆளாக்கினார். அரியணை ஆசை கொண்டு சதிக்கு இடமளிக்கும் மதுராந்தகன், உத்தமனின் தாய் செம்பியன் மாதேவியின் உண்மை மகன் அல்லன் என்றும், பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்து வாழும் சேந்தன் அமுதனே உண்மை வாரிசு என்றும் கதையை மாற்றி, அவனை உத்தம சோழனாக முடிசூட்டினார். சாஸ்திரியின் ஐயத்துக்கு ஒரு மதுராந்தகன், பண்டாரத்தாரின் மறுப்புக்கு ஒரு சேந்தன் அமுதன். இருவரும் பிழைத்தனர், இராசராசனின் தியாகமும் களங்கமின்றிப் பிழைத்தது. ஆனால் விட்டுக்கொடுத்தல் என்பது தகுதியற்றவனுக்கோ ஐயத்துக்குரியவனுக்கோ கொடுக்கும்போதுதான் கடினமானது. நல்லவன் ஒருவனைத் தேடிக் கண்டுபிடித்து அவனுக்குக் கொடுப்பதில் அந்தக் கடினம் கரைந்துவிடுகிறது. நூலின் இறுதிப் பாகத்துக்குத் 'தியாகசிகரம்' என்று பெயரிட்ட ஆசிரியர், சிகரத்தின் உயரத்தைத் தாமே குறைத்துக்கொண்டார். மணிரத்னம் 2022-லும் 2023-லும் இரு பாகங்களாக எடுத்த திரைப்படம் இந்த ஆள்மாற்றத்தைக் கைவிட்டு மதுராந்தகனுக்கே முடிசூட்டியபோது, புதினத்தைப் பலமுறை படித்தவர்கள் பலர் மனம் நொந்தனர். கதை சிதைந்தது என்ற அவர்களின் வருத்தம் புரிந்துகொள்ளத் தக்கது. எனினும் அந்த ஓரிடத்தில் திரைக்கதை செப்பேட்டுக்கு நெருங்கி வந்தது.

மாறாக, கொலையைச் செய்த கை எது என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டது குறையன்று. கடம்பூர் மாளிகையின் இருட்டில் நந்தினி, அவள் கணவர் பெரிய பழுவேட்டரையர், இரவிதாசன், வந்தியத்தேவன் எனப் பலரையும் ஒரே வேளையில் அருகருகே நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு, வாசகரையே தீர்ப்புச் சொல்ல வைத்தார். கல்வெட்டு எங்கே மௌனமாகிறதோ அங்கே கதையும் மௌனமாகிறது. இரவிதாசனை வேறு விதமாக மாற்றியதுதான் நியாயமான கண்டனத்துக்கு உள்ளாகிறது. கல்வெட்டில் வருவோர் பிரமதேயத்தோடு, அதாவது பிராமணர்க்கு இறையிலியாக அளிக்கப்பட்ட ஊரோடு, தொடர்புடைய உயர் பட்டம் பெற்ற அதிகாரிகள்; கதையில் இரவிதாசன் ஆந்தைக் குரல் எழுப்பிக் காடுகளில் உலவும் மந்திரவாதி. கொலையாளிகளின் சமூக அடையாளம் மறைக்கப்பட்டது என்று திராவிட இயக்கச் சார்புடையோர் எழுப்பிய குரலைப் பகைமையின் பேச்சாக ஒதுக்கிவிட முடியாது. அரசாங்கத்துக்குள்ளேயே பதவியிலிருந்தவர்கள் இளவரசனைக் கொன்றார்கள் என்ற கல்வெட்டுச் செய்தி, வெளியிலிருந்து வந்த பாண்டியச் சதி என்னும் கதையைவிட ஆழமான அரசியலைக் கொண்டது.

பாண்டியச் சதி என்ற இந்த இடத்தில்தான் பொருநைக்கரை வாசகர் நின்று யோசிக்கிறார். 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பது ஆதித்த கரிகாலனின் கல்வெட்டுகளில் காணும் பட்டம். 'சோழன் தலைகொண்ட' என்பது அதே பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் கல்வெட்டுகளில் காணும் பட்டம். தென்பாண்டி நாட்டுக் கோயில்களில் இந்த இரண்டாவது பட்டத்தோடு கூடிய கல்வெட்டுகள் கிடைக்கின்றன. அவன் கொண்டது எந்தச் சோழனின் தலை என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை. ஒரு தலைக்கு ஒரு தலை என்ற இந்தக் கணக்கில் இரு தரப்புக்கும் சமமான வன்மமும் சமமான வீரமும் உண்டு. புதினத்தில் இந்தச் சமநிலை இல்லை. கதை நடக்கும் மண் சோழ நாடும் தொண்டை நாடும் ஈழமும்; பாண்டிய நாடோ பெரும்பாலும் பாத்திரங்களின் நினைவிலும் பேச்சிலும் மட்டுமே வருகிறது. கொற்கையின் முத்தும், பொருநையின் நெல்லும், தன் அரசனை இழந்த மக்களின் துயரமும் அதில் இல்லை. அரசனைக் காக்க உயிர்கொடுப்பதாகச் சபதம் செய்த மெய்க்காவலரான ஆபத்துதவிகளின் பழிவாங்கும் வெறி மட்டுமே பாண்டிய நாட்டின் குரலாக ஒலிக்கிறது.

ஆனால் திறமையான எழுத்தாளன் தன் சார்பையும் மீறி எழுதிவிடுவதுண்டு. திருப்புறம்பியம் பள்ளிப்படைக் காட்சி அதற்குச் சான்று. பள்ளிப்படை என்பது இறந்த அரசன் நினைவாக எழுப்பப்படும் கோயில். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருப்புறம்பியத்தில் நடந்த போரில், பல்லவர் பக்கம் நின்று பாண்டியன் வரகுணனை எதிர்த்துப் பொருது இறந்த கங்க மன்னன் பிருதிவீபதியின் நினைவிடம் அது. அந்தப் போரில் பாண்டியர் வலிமை முறிந்தது. சோழர் எழுச்சிக்கு அது வாயிலாயிற்று. சதிகாரர்கள் நள்ளிரவில் கூடி, ஒரு சிறுவனை அமர்த்திப் பாண்டிய மன்னன் என்று முடிபுனைந்து, அவன் கையால் கொலைவாளை வழங்கச் செய்வதற்குக் கல்கி தேர்ந்தெடுத்த இடம் அதுவே. தங்கள் குலம் தோற்ற களத்தில், தங்களை எதிர்த்துச் செத்தவனின் சமாதியில், நாடில்லாத ஒரு பிள்ளையை நாட்டரசனாக்கும் அந்த மனிதர்களைப் பார்க்கும்போது, சதிகாரர் என்ற சொல் ஒருகணம் பொருந்தாமல் போகிறது. தூக்கம் கலையாத கண்களோடு வாளைத் தூக்க முயலும் அச்சிறுவனின் பரிதாபம், சோழப் பெருமையைப் பேசும் எத்தனையோ அத்தியாயங்களைவிட வலிமையானது.

நந்தினியும் அப்படியே. வரலாற்றில் அப்படியொரு பெண் இல்லை; அவள் முழுக்கக் கற்பனை. இருந்தும், மெய்யாக வாழ்ந்த குந்தவையைவிட அவளே வாசகர் மனத்தில் நிலைத்தாள். தன் கண்ணெதிரே, தன் கெஞ்சலையும் மீறி, வீரபாண்டியனின் தலை கொய்யப்பட்டதை அவள் மறக்க மறுக்கிறாள். அவளை வஞ்சகி என்போரும் வஞ்சிக்கப்பட்டவள் என்போரும் இன்றும் வாதிடுவதற்குக் காரணம், வெற்றி பெற்றவர்களின் கதைக்குள் தோற்றவர்களின் நியாயத்தைச் சுமந்து நடமாடும் ஒரே பாத்திரம் அவளாக இருப்பதுதான். அவளை அழகாலும் சூழ்ச்சியாலும் மட்டுமே இயங்குபவளாகக் காட்டியது இந்தக் கதைவகையின் பழைய வழக்கத்துக்கு ஆசிரியர் கட்டுப்பட்டதைக் காட்டுகிறது. அவளுக்கு ஒரு நாடும், அந்த நாட்டில் நடந்து செல்ல ஒரு தெருவும் கொடுத்திருந்தால் நூல் இன்னும் உயர்ந்திருக்கும்.

ஸ்ரீவைகுண்டத்தாரும் ஆழ்வார்திருநகரியாரும் உரிமையோடு கொண்டாடும் பகுதி ஒன்றும் இந்நூலில் உண்டு. வீரவைணவனான ஆழ்வார்க்கடியான், வீரநாராயண விண்ணகரத்தில், குருகூர் எனப்பட்ட ஆழ்வார்திருநகரியின் நம்மாழ்வாரின் பாசுரங்களைப் பாட, கோயில் பட்டர் உருகி நிற்க, பின்னாளில் நாதமுனிகளாக விளங்கப்போகும் சிறுவன் அதைக் கேட்கிறான். வைணவ மரபில் நாதமுனிகள் வழிப்போக்கரான அடியார் வாயிலாகச் சில பாசுரங்களைக் கேட்டு, மீதியைத் தேடிக் குருகூருக்கு வந்து நாலாயிரம் பாசுரங்களையும் பெற்றார் என்பது வழக்கு. அந்த வழிப்போக்கர் இடத்தில் கல்கி தம் பாத்திரத்தை வைத்துவிட்டார். மரபு சொல்லும் காலக்கணக்கின்படி நாதமுனிகள் இக்கதைக் காலத்தில் சிறுவனாக இருந்திருக்க வழியில்லை. ஆயினும் கரிகாலன் கொலையில் ஓர் ஆண்டு பிசகினாலும் கல்வெட்டைக் காட்டி வாதிடும் தென்பாண்டி வாசகர்கள், இந்தப் பெரும் பிசகை எதிர்த்து ஒரு சொல்லும் சொல்வதில்லை. வரலாற்று உண்மை என்ற அளவுகோலை எல்லா வாசகரும் ஒரே கையால் பிடிப்பதில்லை என்பதற்கு வெளியூர் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. உடையார்குடிக் கல்வெட்டு இருப்பதும் அதே வீரநாராயணபுரத்தில், இன்றைய காட்டுமன்னார்கோயிலில்தான். ஒரே ஊரில் நிகழ்ந்த இரு செய்திகளில் ஒன்றைக் கதையாகவும் மற்றொன்றைச் சான்றாகவும் வாசகர் பிரித்துக்கொள்கின்றனர்.

பாண்டிய நாட்டைக் கதைக்களமாக்கிய பெரும் புதினங்கள் பின்னர் வந்தன. அகிலனின் 'கயல்விழி' 13-ஆம் நூற்றாண்டில் சோழரை வென்று எழுந்த சுந்தர பாண்டியனை நாயகனாக்கி, 1978-இல் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' என்று திரைப்படமுமாயிற்று. சாண்டில்யனின் 'ராஜ முத்திரை'யும் பாண்டியப் பேரரசு உச்சத்தில் இருந்த அந்த நூற்றாண்டையே எடுத்துக்கொண்டது. பழிவாங்கி வென்ற காலம் எழுதப்பட்டது. தோற்றிருந்த காலம் அத்தனை வாசகரை எட்டும் வகையில் எழுதப்படவில்லை. வீரபாண்டியன் தலையிழந்த பின், இராசராசன் பாண்டிய நாட்டைத் தன் மண்டலமாக்கி, சேரன்மாதேவி 'நிகரிலிச்சோழச் சதுர்வேதிமங்கலம்' என்ற பெயரைச் சுமக்கலான காலத்தில், அந்த ஊரார் புதிய பெயரை எப்படி ஏற்றார்கள், யார் பதவி பெற்றார்கள், யார் நிலம் இழந்தார்கள், பழைய அரசனின் பெயரைத் தாங்கிய கல்வெட்டின் அருகிலேயே புதிய அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியை வெட்டிய கல்தச்சன் என்ன நினைத்தான் என்பவை யாவும் தாமிரபரணிக் கரைக் கோயில் சுவர்களை ஒட்டியே தேடத்தக்க கேள்விகள். கல்கிக்கு உடையார்குடிக் கல்வெட்டு எவ்வளவு உதவியதோ அவ்வளவு உதவக்கூடிய கல்வெட்டுகள் இந்தக் கரையில் நிறைய உண்டு.